தாய்வீடு இல்லாத பிரசவம்

நான் பிள்ளை பெற்று வந்த வீட்டிலிருந்து என் அம்மா வீடு பத்து நிமிட நடை. நடுவில் ஒரு தார்ச்சாலை. அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. சின்னசேலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் அந்தச் சாலையைக் கடந்து மணம் முடித்தவள் நான். எனக்கு வளைகாப்பு இல்லை. தலைப்பிரசவத்துக்கு அழைத்துப்போக யாரும் வரவில்லை. பேத்தி பிறந்த செய்தி போய்ச் சேர்ந்தும் அம்மா வரவில்லை, வர விடவில்லை.

மாமியார்தான் பார்த்துக்கொண்டார். பதினைந்து நாள் பத்தியச் சோறு போட்டார், பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். பதினாறாம் நாள் கரும்பு வெட்டப் போனார். போகாவிட்டால் அடுப்பு எரியாது. பிறகு பகலெல்லாம் நானும் குழந்தையும் மட்டும். தூக்கம் போனது. குழந்தை அழுதாலும் எழ மனம் வரவில்லை. செத்துப்போகலாம் என்ற நினைப்பு தினமும் வந்தது.

செவிலியர் அக்கா தவறாமல் வந்தார். குழந்தையின் எடை, தடுப்பூசி, எனக்கு இரும்புச்சத்து மாத்திரை என எல்லாம் கேட்டு அட்டையில் குறித்தார். "நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்டுக் குறிக்க அந்த அட்டையில் கட்டம் இல்லை.

கடைசியில் என் கணவர்தான் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்றார் மருத்துவர். பெற்றவர்களை அழவைத்த பாவம் என்று ஊர் சொன்னதை நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். இது நோய், சிகிச்சை உண்டு என்று தெரிந்த அன்றே பாதி பாரம் இறங்கியது.

நான் தனி ஆள் இல்லை. இந்தியாவில் பிரசவித்த பெண்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு இந்தச் சோர்வு வருவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கட்டுரை சொல்கிறது. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. அது காட்டிய காரணங்கள்: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாமை, கைவேலைக்கு ஆள் இல்லாமை.

இந்தப் பட்டியலை எங்கள் தெருவில் நின்று படியுங்கள். சாதி தெரியும். நம் சமூகம் பிரசவித்தவளுக்கு வைத்திருக்கும் ஒரே மனநல ஏற்பாடு தாய்வீடு. என் தாய்வீட்டைச் சாதி பூட்டிவிட்டது. என் நாத்தனாருக்குத் தாய்வீடு திறந்துதான் இருந்தது. ஆனால் அம்மா கூலிக்குப் போயிருந்தார். கல்வராயன் மலையில் குடும்பத்தோடு வேலை தேடி வெளியூர் போகும் பழங்குடிப் பெண்ணுக்கும் இதே நிலைதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழக அரசிடம் இரண்டு திட்டங்கள் உள்ளன. ஒன்று சாதி மறுத்து மணப்பவர்களுக்கு நிதியும் தாலிக்குத் தங்கமும் தருகிறது. இன்னொன்று மகப்பேறுக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய். இரண்டும் தேவை. ஆனால் இரண்டிலும் மனதைக் கவனிக்க ஆள் இல்லை. 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது. சிக்னல் இல்லாத மலைக் கிராமத்தில் எப்படி அழைப்பது?

வழி இல்லாமல் இல்லை. எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் 1987இலிருந்தே உள்ளன. கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் போதும். பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் சாதாரண சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள தாய்மார்களின் வீட்டுக்கே அனுப்பினார்கள். ஆறு மாதக் குழந்தையோடு இருந்தபோது, பயிற்சி பெற்றவர்கள் போன வீடுகளில் 23 சதவீதம் பேருக்கே சோர்வு நீடித்தது; மற்ற வீடுகளில் 53 சதவீதம். முடிவு 2008இல் வெளியானது.

அதைத்தான் கேட்கிறோம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் அந்தப் பத்துக் கேள்விகளை அட்டையில் சேர்க்க வேண்டும். காலனியிலும் மலைக் கிராமத்திலும் அங்குள்ள பெண்களுக்கே பயிற்சியும் முறையான ஊதியமும் கொடுத்து வீடு வீடாக அனுப்ப வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை உரிமை என்கிறது. சலுகை என்று சொல்லவில்லை.

நமக்கும் ஒரு கேள்வி உண்டு தோழர்களே. என் திருமணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்கள் பலர். பிள்ளை பிறந்த பிறகு ஒருவரும் வரவில்லை. அடுத்த சாதி மறுப்புத் திருமணத்துக்குக் கையெழுத்துப் போடும்போதே, பிரசவத்துக்கு யார் போய் இருப்பது என்பதையும் பேசி முடியுங்கள்.