மிச்சம் வைக்காத புல்லே ஜெயிக்கும்

ஒரே மண்ணில் இரண்டு புல்லினங்களை விதைத்தால் கடைசியில் எது மிஞ்சும்? மளமளவென்று வளர்வதுதான் என்று பலரும் சொல்வார்கள். கணக்கு போட்டுப் பார்த்தால் அப்படி வருவதில்லை.

போட்டிக்கான பழைய சமன்பாடுகளை 1920கள், 30களில் லோட்கா, வோல்டெரா என்ற இரு கணித ஆய்வாளர்கள் தனித்தனியே எழுதினார்கள். ஓர் இனம் மற்றதன் பெருக்கத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு அவற்றில் ஓர் எண் உண்டு. அந்த எண் தெரியவேண்டுமானால் இரண்டையும் சேர்த்து வளர்த்தாக வேண்டும். பந்தயம் முடிந்தபின் ஜெயிக்கும் குதிரையைச் சொல்கிற ஜோசியம்தான் இது.

அமெரிக்கச் சூழலியலாளர் டேவிட் டில்மன் 1982இல் எழுதிய நூலில் செடிகளை விட்டுவிட்டு, அவை பங்குபோடும் சத்தைக் கவனித்தார். ஒரு புல்லைத் தனியாக வளர்த்தால், அது பெருகப் பெருக மண்ணில் நைட்ரேட் என்ற நைட்ரஜன் சத்து குறையும். புதிதாக வளர்வதும் பட்டுப்போவதும் சமமாகும் கட்டத்தில் பெருக்கம் நின்றுவிடும். அப்போது மண்ணில் எவ்வளவு நைட்ரேட் மீந்திருக்கிறதோ, அதற்குக் கீழே போனால் அந்த இனம் தேயத் தொடங்கும். ஆகவே யார் விடும் மிச்சம் மிகக் குறைவோ, அவரே மற்றவரைப் பட்டினி போட்டு வெளியேற்றுவார். இந்த அளவைத் தனித்தனிப் பாத்திகளிலேயே எடுத்துவிடலாம். முடிவை முன்கூட்டியே சொல்லலாம், பொய்த்தால் பொய் என்றும் தெரிந்துவிடும். கணித மாதிரிக்கு மதிப்பே அதில்தான் என்பேன்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள சீடர் கிரீக் ஆய்வு நிலத்தின் மணல் மண்ணில், டில்மனும் சக ஆய்வாளர் டேவிட் வெடினும் இதைச் சோதித்தார்கள். வேரில் அதிகம் முதலீடு செய்யும் லிட்டில் புளூஸ்டெம் என்ற புல், நைட்ரேட்டை அடிமட்டத்துக்கு இறக்கியது. அக்ரோஸ்டிஸ் ஸ்காப்ரா என்ற புல்லால் அவ்வளவு இறக்க முடியவில்லை. சத்து குறைந்த பாத்திகளில் இரண்டையும் கலந்து விதைத்தபோது, தொடக்க விகிதம் எதுவானாலும் சில ஆண்டுகளில் புளூஸ்டெம் அக்ரோஸ்டிஸை ஓரங்கட்டியது.

உரம் கொட்டினால் இந்தக் கணக்கு செல்லாது. நைட்ரஜன் தாராளமானதும் தட்டுப்பாடு வெளிச்சத்துக்கு மாறுகிறது, உயர்ந்து நிழல் போடுபவருக்கு அது சாதகம். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856இல் தொடங்கிய புல்வெளிச் சோதனையில், நைட்ரஜன் உரமிட்ட பாத்திகள் பல இனங்களை இழந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ஏழை மண்ணில் புளூஸ்டெம் மட்டும்தானே இருக்க வேண்டும்? இடத்தையும் கணக்கில் சேர்த்து 1994இல் டில்மன் விடை சொன்னார். போட்டியில் தோற்கும் இனம், காலியிடத்தை முதலில் பிடிக்கத் தெரிந்திருந்தால் தாக்குப்பிடிக்கும். புளூஸ்டெம் வேருக்குச் செலவிடுவதை அக்ரோஸ்டிஸ் விதைக்குச் செலவிடுகிறது. சீடர் கிரீக்கில் உழவு நின்றுபோன வயல்களுக்கு அதுவே முந்தி வந்துவிடுகிறது. புளூஸ்டெம் வந்து ஆதிக்கம் பெறப் பல ஆண்டுகள் ஆகின்றன.