பூட்டிய கேட்டுக்குப் பின்னால் ஒரு பெயர்



வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே இந்த இதழ் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டோம். மழைக்கு முன் செய்து முடிக்க வேண்டிய ஒரு காரியத்தைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் பேசப்போகிறேன். ஸ்ரீபெரும்புதூர் அருகே தொழிற்பேட்டையை ஒட்டிய நம் பிள்ளைப்பாக்கத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் இடங்களைப் பற்றியது அது.

அவற்றை உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. தூண் எழும்பி, மேல்தளம் போடாமல், துருப்பிடித்த கம்பிகளோடு பாதியில் நின்றுபோன வீடு. லேஅவுட் போட்ட காலத்தில் வாங்கிப்போட்டு, பிறகு யாரும் வந்து எட்டிப் பார்க்காத மனை. அத்துக்கல் எங்கே என்று தெரியாத அளவுக்கு அதில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். பெரியவர் காலமான பிறகு பூட்டிய ஓட்டு வீடு. மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விட்ட பட்டறையின் வெற்று ஷெட். முதலில் பாழடைந்த இடம் என்று சொல்லிக் கடந்துபோகிறோம். சில மாதங்களில் குப்பை கொட்டுகிறோம். அப்புறம் அங்கே இரவில் பாட்டில் திறக்கிறவர்கள் வருகிறார்கள்.

இதனால் அதிகம் துன்பப்படுகிறவர்கள் யார் என்று பாருங்கள். செகண்ட் ஷிப்ட் முடிந்து நள்ளிரவை ஒட்டிக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, இருட்டில் அந்த மனையைக் கடந்து அறைக்குப் போக வேண்டிய பெண்பிள்ளைகள். ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் வெளிமாவட்ட, வடமாநிலத் தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே ஓட்டு இல்லை. கிராம சபையில் எழுந்து பேசத் தயக்கம். வீட்டுக்காரரிடம் சொன்னால், ‘அது என் இடம் இல்லப்பா’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தத் தொழிற்பேட்டையின் உற்பத்தியைத் தோளில் சுமக்கிறவர்களின் குறை இப்படிக் கணக்கில் வராமலே போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அவர்களுக்காகப் பேச வேண்டியது இங்கேயே வீடும் வாக்கும் உள்ள நாம்தான்.

ஓர் இடம் ஏன் பாழாகிறது? ஊரில் பொதுவாகச் சொல்லும் பதில், ‘சொந்தக்காரனுக்கு அக்கறை இல்லை.’ அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் எண்ணம். இதைப் புரிந்துகொள்ள நமக்குத் தூரத்து உதாரணம் தேவையில்லை. இந்தப் பகுதியிலேயே மிகப் பெரிய பூட்டு ஒன்று பல ஆண்டுகள் தொங்கியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006 தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. சிப்காட் நிலத்தில் சுமார் 210 ஏக்கரில் அமைந்த சிறப்புப் பொருளாதார மண்டலம் அது. உச்சத்தில் இருந்தபோது சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். உதிரிபாகம் தரும் நிறுவனங்கள், பஸ், கேன்டீன், வாடகை வீடு என்று அதைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அதைவிட அதிகம். பிளஸ் டூ முடித்த எத்தனையோ கிராமத்துப் பெண்களின் முதல் சம்பளம் அந்த கேட்டுக்குள்தான் வந்தது. 2013-ல் வருமான வரித்துறை, மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்குச் செலுத்திய தொகைக்கு வரி பிடிக்கவில்லை என்று 2,000 கோடி ரூபாய்க்கும் மேல் கேட்டது. நிறுவனத்தின் இந்தியச் சொத்துகள் முடக்கப்பட்டன. அதே ஆண்டு நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்க ஒப்புக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் ஆலையை அந்த விற்பனையில் சேர்க்க வேண்டுமென்றால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனை உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது நம் ஊர் ஆலை மட்டும் வெளியே விடப்பட்டது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

அடுத்த சில ஆண்டுகள் அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும் அந்த அமைதி எப்படி இருந்தது என்று. கட்டடம் நன்றாகத்தான் இருந்தது. இடமும் நல்ல இடம், சாலை, மின்சாரம், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று, சிக்கலில்லாத காகிதம்: வழக்கு தீராமல் அதை யாராலும் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. 2018-ல் இந்தியாவும் பின்லாந்தும் இரட்டை வரி ஒப்பந்தத்தின் வழியே பேசித் தகராறைத் தீர்த்துக்கொண்டன. நோக்கியா சுமார் 1,600 கோடி ரூபாய் செலுத்தியது. அதற்கு அடுத்த ஆண்டே, 2019 நவம்பரில், ஆலையைச் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. கைபேசி சார்ஜர் தயாரிக்கும் அந்த நிறுவனம் அதே மண்டலத்துக்குள் ஏற்கெனவே இயங்கிவந்ததுதான். 2020-ல் கேட் திறந்தது.

வேலை இழந்த அந்தப் பெண்களுக்கு நடுவில் போன வருடங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. அதை மறக்காமல்தான் சொல்கிறேன்: அந்த இடத்தைப் பாழாக வைத்திருந்தது காகிதம், காகிதம் சரியானதும் இடத்துக்கு உயிர் வந்தது.

நம் தெருவில் இருக்கும் மூன்று சென்ட் மனைக்கும் இதே கதைதான். தொகை மட்டும் சிறியது. அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை முடியவில்லை. அப்பா பெயரில் இருந்த பட்டா மாறவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கக் கூடிவர வேண்டிய நான்கு பிள்ளைகள் நான்கு ஊரில் இருக்கிறார்கள். பவர் வாங்கிய ஏஜென்ட் ஒரே மனையை இரண்டு பேருக்குக் கிரயம் செய்துவிட்டார். வீட்டுக் கடன் தவணை நின்று, வங்கி சுவரில் சுவாதீன அறிவிப்பு ஒட்டிவிட்டது. இப்படி ஏதோ ஒரு முடிச்சு இருக்கும். அதனால் குப்பையை மட்டும் பார்த்துக் கோபப்படாமல், முதலில் அந்த இடத்தின் பெயரைத் தேடிப் பிடியுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அது முன்பு போலக் கடினமும் இல்லை. மனையின் சர்வே எண் தெரிந்தால் தமிழ்நாடு அரசின் இணைய சேவையில் பட்டா, சிட்டா, புலப்படம் மூன்றையும் பார்க்கலாம். எண் தெரியவில்லையென்றால் பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் நான்கு எல்லை போட்டிருக்கும் பகுதியைப் படியுங்கள், அல்லது கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள். நம் பகுதியில் ஒரு சிக்கல் உண்டு. பல லேஅவுட்டுகளில் பட்டா இன்னும் பழைய நிலக்காரர் பெயரிலேயே நிற்கும். அப்போது வில்லங்கச் சான்றுதான் கைகொடுக்கும். பதிவுத் துறையின் இணையதளத்தில் ஈசி போட்டுப் பார்க்கக் கட்டணம் இல்லை. யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது என்பது அதில் தெரிந்துவிடும். முகவரி வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர நகலுக்கு மனுச் செய்யலாம். வங்கி அறிவிப்பு ஒட்டிய வீடு என்றால் வேலை இன்னும் சுலபம். கிளையின் பெயரும் பொறுப்பு அதிகாரியின் கையொப்பமும் அந்தச் சுவரிலேயே இருக்கும். கடிதத்தை அங்கே அனுப்புங்கள்.

பெயர் கிடைத்ததும் புகாரோடு போகாதீர்கள். முதல் பேச்சு தன்மையாக இருக்கட்டும். ‘சார், வணக்கம். பிள்ளைப்பாக்கத்துல உங்க மனைக்குப் பக்கத்து வீட்ல இருந்து பேசறேன். மழை பெஞ்சா தண்ணி நிக்குது, பாம்பு வருது. சின்னப் பிள்ளைங்க இருக்காங்க சார். ஜேசிபிக்காரர நாங்களே பார்த்துத் தர்றோம், நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க.’ இவ்வளவு போதும். பத்து வருடமாகத் தன் மனைப் பக்கமே வராதவர், பக்கத்தில் இருப்பவர் பகையாளி இல்லை என்று தெரிந்தால் பெரும்பாலும் இறங்கி வருவார். வெட்டுக்கூலியை நான்கு வீட்டார் பங்கிட்டுக்கொள்ளவும் தயங்க வேண்டாம். ஆனால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்ளே இறங்கி மரம் வெட்டாதீர்கள், பூட்டை உடைக்காதீர்கள், காய்ந்த புல்லுக்குத் தீ வைக்காதீர்கள். நல்லது செய்யப் போய் அத்துமீறி நுழைந்த வழக்கில் நிற்கக் கூடாது.

பேச்சுக்குப் பயன் இல்லையென்றால் அடுத்தது எழுத்து. ஊராட்சித் தலைவருக்கு, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. கொசுவைப் பற்றி எழுதும்போது குறிப்பாக எழுதுங்கள். டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. பாதியில் நின்ற வீட்டின் மூடாத சம்ப்பிலும், கட்டட வேலைக்குக் கட்டிய தொட்டியிலும் தேங்கும் மழைத் தண்ணீரே அதற்குப் போதும். முட்டை பல மாதம் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிந்து ஏழெட்டு நாளில் கொசுவாகிவிடும். மூடாத சம்ப்பில் குழந்தைகள் விழும் ஆபத்து வேறு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சர்வே எண்ணோடு, போட்டோவோடு மனுவைக் கொடுத்துத் தீர்மானத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அறையில் தங்கியிருக்கும் தொழிலாளர்களையும் கூட்டிப் போங்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் அவர்கள் படும் பாட்டை ஊர் காதால் கேட்கட்டும்.

அதிலும் நடக்கவில்லை என்றால் சட்டத்தில் ஒரு வலுவான கதவு உண்டு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 133. பொதுமக்களுக்குத் தொல்லை தரும் பொருளை அகற்றவும், இடிந்து விழும் நிலையில் உள்ள கட்டடத்தைச் சரிசெய்யவோ இடிக்கவோ, பொது வழியை ஒட்டியுள்ள கிணற்றுக்கும் பள்ளத்துக்கும் வேலி போடவும் உரிமையாளருக்கு உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. நம் கோட்டாட்சியர் அலுவலகம் ஸ்ரீபெரும்புதூரிலேயே இருக்கிறது. இந்தப் பிரிவின் பலத்தை நாட்டுக்குக் காட்டியவர்கள் மத்தியப் பிரதேசம் ரத்லம் நகரின் ஒரு தெருவில் வசித்தவர்கள். திறந்த சாக்கடையும் ஆலைக் கழிவின் நாற்றமும் தாங்காமல் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி பணம் இல்லை என்றது. 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கை ஏற்க மறுத்துத் தெருவாசிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஒரு நகராட்சியையே பணிய வைத்த பிரிவு, ஒரு மனை உரிமையாளரை வர வைக்காதா?

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததும் இல்லை. ஜப்பானில் 2023-ல் எடுத்த கணக்குப்படி சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. அந்த அரசும் சுற்றிச் சுற்றிக் காகிதத்துக்கே வந்து சேர்ந்தது. பராமரிக்காத வீடு உள்ள மனைக்கு வரிச்சலுகையை நிறுத்த 2015-லேயே சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024 ஏப்ரல் முதல், சொத்து வாரிசாக வந்தால் மூன்று ஆண்டுக்குள் தன் பெயரில் பதிந்தே ஆக வேண்டும் என்றார்கள். இறந்தவர் பெயரிலேயே நிற்கும் சொத்தைக் கவனிக்க யாரும் வருவதில்லை என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். நம் அரசும் பட்டா மாறாத பழைய லேஅவுட்டுகளுக்கு ஊர் ஊராக முகாம் போட்டு மாற்றிக் கொடுத்தால், இந்தப் பகுதியின் பாதிப் புதர் தானாக வெட்டுப்படும் என்று நம்புகிறேன்.

மழைக்கு முன் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. காலி மனை என்று நினைத்துக் கட்டட இடிபாட்டைக் கொட்டும்போது, அது அந்தத் தண்ணீர் போகும் பழைய வாய்க்காலின் மேலாக இருக்கலாம். லாரிக்காரரைத் தடுத்து ஒரு கேள்வி கேட்கும் துணிச்சல் தெருவில் ஒருவருக்காவது வேண்டும்.

கடைசியாக, இங்கே இடம் வாங்கிவிட்டுச் சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தபடி இந்த இதழைப் படிக்கும் வாசகர்களுக்கு. உங்கள் சேமிப்பை நம்பி எங்கள் ஊரில் போட்டீர்கள், நன்றி. ஆனால் உங்கள் இடத்துக்கு ஒரு பக்கத்து வீடு இருக்கிறது. கவனிக்காத நிலத்தை வேறொருவர் 12 ஆண்டு தன்னுடையதாகவே வெளிப்படையாக அனுபவித்தால், அதை மீட்க உங்களுக்குள்ள உரிமையே கேள்விக்குள்ளாகும் என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். முள்ளை வெட்டி, அத்துக்கல்லைத் தேடி நட்டு, சம்ப்புக்கு மூடி போட்டு, உங்கள் பெயரும் போன் நம்பரும் எழுதிய ஒரு போர்டை வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் வர முடியாதென்றால் நம்பிக்கையான ஒருவரை இந்த மாதத்துக்குள் அனுப்புங்கள். மழை வந்துகொண்டிருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்