சனிக்கிழமை ஆட்டமும் செவ்வாய்க்கிழமை வாக்கும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கு உரிய நாள் இலையுதிர்காலச் சனிக்கிழமை. உலகக் கோப்பையில் ஆடப்படும் கால்பந்து அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்து ஓடும் ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரலாம். இதே பருவத்தில், நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாயன்று, தேர்தலும் வருகிறது.

வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களுக்கு வாக்கு இல்லையே என்ற கொதிப்புதான் 1971-இல் வாக்குரிமை வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்க வைத்தது. மாணவர்கள் அந்த உரிமையை அசட்டை செய்வதில்லை. தேர்தல் நாளிலேயே பெயர் பதிந்து வாக்களிக்க மிச்சிகன் மாநிலம் அனுமதிக்கிறது. 2022-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் உள்ள ஆன் ஆர்பர் நகரில் அதற்காக நின்ற மாணவர் வரிசை நள்ளிரவைக் கடந்தும் கலையவில்லை. ஆட்டப் பித்துப் பிடித்தவர்களுக்கு அரசியல் அக்கறை கிடையாது என்பது வீண்பழி.

2020-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், வீரர்கள் வாக்களிக்க ஏதுவாக, முதல் பிரிவு அணிகளுக்குத் தேர்தல் நாளில் பயிற்சியும் போட்டியும் கூடாது என விதித்தது. மிக நல்ல முடிவு. பார்வையாளர் மாணவர்களுக்கும் உதவ, ஆட்ட நாட்களில் அரங்க வாசலிலேயே வாக்காளர் பதிவு மேசைகளைப் பல்கலைக்கழகங்கள் அமைக்க வேண்டும்.