புது நூல் வரட்டும். நஷ்டம் நெசவாளி தலையில் விழக் கூடாது

கைத்தறியில் நெய்யும் துண்டு, மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு, தலையணை உறை முதலிய வீட்டுத் துணிகளை ஹெம்ப் நூலில் நெய்து பார்க்கலாம் என்ற யோசனை இப்போது பலமாக அடிபடுகிறது. ஏற்றுமதி வியாபாரிகள் பேசுகிறார்கள், அதிகாரிகளும் பேசுகிறார்கள். தறிக்குழியில் காலை வைத்து உட்காரப் போகிறவனின் அபிப்பிராயத்தைத்தான் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. எனவே அவன் பக்கத்து நியாயத்தை நாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், சரக்கு இன்னதென்று தெரிந்துகொள்வோம். சணல் என்றதும் கோணிச் சாக்கு நினைவுக்கு வரும். அது வங்காளத்துச் சணல்; வேறு செடி. பசுந்தாள் உரத்துக்காக வயலில் விதைத்து மடக்கி உழுகிறோமே, அந்தச் சணப்பையும் வேறு செடி. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியின் இனம். ஆனால் போதைச் சத்து மிகக் குறைந்த ரகம். தண்டு நாருக்காகவும் விதைக்காகவும் பயிராவது. பாய்மரக் கப்பல்களின் பாயும் கயிறும் பல நூற்றாண்டுகள் இந்த நாரில்தான் செய்யப்பட்டன. 18-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை ருஷ்ய ஹெம்பை நம்பித்தான் கடலாண்டது. லண்டன் பிரைட்வெல் சிறையில் அடைபட்ட ஏழைகளைக் கொண்டு இந்த நாரை அடித்துப் பதப்படுத்தினார்கள். நம் நாட்டிலும் கார்வால், குமாவுன் மலைகளின் ஏழை விவசாயிகள் இதை நூற்று, ‘பங்கேலா’ என்ற முரட்டுத் துணி நெய்து வந்திருக்கிறார்கள். ஆக, இது நேற்று முளைத்த சரக்கல்ல.

இதன் குணங்கள் நல்லவைதான். நார் உறுதியானது. ஈரத்தை நன்றாக உறிஞ்சும். நனைந்தால் வலு குறையாது. வெளுக்க வெளுக்க மிருதுவாகும். கைதுடைக்கும் துண்டுக்கும் மேசை விரிப்புக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் தறியில் ஏறும்போது இதே நூல் வேறு குணம் காட்டும். பருத்தி நூல் போல் இது இழுத்தால் நீண்டு கொடுக்காது, விறைப்பாக நிற்கும். பாவில் ஓர் இழை தளர்ந்து, அடுத்தது இறுகினால், இறுகியது அறும். நூலின் மேல் நிற்கும் பிசிறு அச்சிலும் விழுதிலும் சிக்கும். காற்று வறண்ட நாளில் அறுந்த இழையை முடிவதிலேயே பாதிப் பொழுது போய்விடும். ஆகவே முதற் பரீட்சையில் பாவு பருத்தியாகவும், ஊடை மட்டும் ஹெம்பாகவும் இருப்பதே புத்திசாலித்தனம். தாரை லேசாக ஈரப்படுத்தி நாடாவில் போட்டால் ஊடை படிந்து உட்காரும். முழு ஹெம்ப் பாவு கட்டுவதானால் கஞ்சி போடும் முறையையே மாற்ற வேண்டியிருக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். நெசவாளியின் நிலைமை அப்படி இருக்கிறது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பத்தில் ஏழு பேர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைந்த வருமானத்தில் காலம் தள்ளுபவை. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சு லட்ச ரூபாயை எட்டியது. நூல் விலையைக் கண்டித்து அம்மாதம் 16, 17 தேதிகளில் திருப்பூரே வேலைநிறுத்தம் செய்தது. பனியன் கம்பெனி முதலாளிகளே தாங்க முடியாத விலையை, ஒற்றைத் தறிக்காரன் எப்படித் தாங்குவான்? பருத்தி ஒன்றையே நம்பி நிற்பது ஆபத்து என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. புது நூலைப் பரீட்சை செய்வதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் வியாபாரியின் கணக்கு வேறு. நெசவாளர்கள் உஷாராக இருக்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, நூல் நம்பர். பருத்தி நூலில் 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டில் எத்தனை சிட்டமோ, அதுவே நம்பர். ஹெம்ப் நூலுக்கு வழங்கும் ‘லீ’ கணக்கில் 300 கஜமே ஒரு சிட்டம். அதாவது 28 லீ என்று சீட்டு ஒட்டி வரும் நூல், நம் கணக்கில் வெறும் 10-ம் நம்பர் நூல்தான். 28-ம் நம்பர் என்று நினைத்து வாங்கினால் விலையிலும் ஏமாற்றம். கெஜக் கணக்கிலும் ஏமாற்றம்.

இரண்டாவது, சுருக்கம். ஹெம்ப் துணி முதல் சலவையில் சுருங்கும். தறியில் சரியாக இருந்த துண்டு, சலவைக்குப் பிறகு அளவு குறைந்து நிற்கும். அப்போது “அளவு குறைவு” என்று கூலியில் பிடித்தம் செய்தால், நாரின் குணத்துக்கு நெசவாளி அபராதம் கட்டியதாகும்.

மூன்றாவது, கூலி. புது நூலில் ஆரம்பத்தில் ஒரு நாள் நெசவு குறைவாகவே வரும். பழைய மீட்டர் கூலியையே கொடுத்தால், பரீட்சைச் செலவு முழுவதும் நெசவாளியின் அடுப்பிலிருந்தே போகிறது என்று அர்த்தம். முரட்டு நூலைத் தார் சுற்றும் வீட்டுப் பெண்களின் உழைப்போ எந்தக் கணக்கிலும் ஏறாது.

மில் தொழிலாளர்களும் இதைத் தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயமாக நினைக்கக் கூடாது. பஞ்சுத் தூசி நெஞ்சை அடைப்பதை அவர்கள் அறிவார்கள். ஹெம்ப் தூசியும் அதே வியாதியைக் கொண்டுவரும். 1960-களில் ஸ்பெயின் நாட்டின் கயோசா தெ செகுரா ஊரில் ஹெம்ப் தொழிலாளர்களை வைத்தியர்கள் பரிசோதித்து இதை நிரூபித்தார்கள். நமது மில்களில் இந்த நாரை நூற்பதானால், தூசி உறிஞ்சும் இயந்திரம் வந்த பிறகே நார் வர வேண்டும்.

விவசாயத் தொழிலாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் 14-வது பிரிவு, நாருக்காகவும் விதைக்காகவும் இதைப் பயிரிட சர்க்கார் அனுமதிக்கலாம் என்கிறது. அதன்படி 2018-ல் உத்தரகண்ட் முதலில் லைசென்ஸ் கொடுத்தது. அப்படி லைசென்ஸ் இல்லாத நிலத்தில் செடியைப் பயிரிட்டால் 10 வருஷம் வரை கடுங்காவல். யார் ஆசை காட்டினாலும் உத்தரவுக் காகிதத்தைப் பார்க்காமல் விதையில் கை வைக்காதீர்கள். மேலும், நெருக்கமாக வளரும் இப்பயிர் களையை அமுக்கிவிடும். விவசாயிக்கு அது லாபம். களையெடுத்துப் பிழைக்கும் பெண்களுக்கோ வேலை நாட்கள் போகும். தண்டை ஊறவைக்கும் குளத்து நீரும் கெட்டு நாறும். இவற்றையும் கணக்கில் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

எனவே நாம் கோருவது இதுதான்: பரீட்சையை நெசவாளர் சேவை மையங்களும், சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் சர்க்கார் செலவில் நடத்தட்டும். பரீட்சை நாட்களுக்கு நெசவாளிக்கு நாள் கூலி கொடுக்க வேண்டும். ஒரு நாளில் எவ்வளவு நெய்ய முடிகிறது என்று அளந்து பார்த்து, தார் சுற்றும் வேலையையும் சேர்த்து, பிறகு மீட்டர் கூலி நிர்ணயிக்க வேண்டும். கட்டின் மேல் பருத்தி நம்பரையும் தமிழில் அச்சிட வேண்டும். சுருக்கத்துக்குப் பிடித்தம் கூடாது. நெய்த துண்டையும் விரிப்பையும் ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் சர்க்காரே வாங்க முன்வர வேண்டும்.

நெசவாளர் குரலுக்கு இடம் தந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் 2020-ல் கலைத்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்குழு. புது நூல் கட்டு உங்கள் சங்கத்துக்கு வந்தால், அதைப் பிரிப்பதற்கு முன் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லுங்கள். நம்பர் என்ன, கூலி என்ன, நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அதற்குப் பிறகு பாவு ஏறட்டும்.