வாக்குச்சீட்டின் பின்பக்கம்

அதிபர் தேர்தல் நடக்கும் இரவில் பென்சில்வேனியாவின் எந்தக் கவுண்டி எந்தப் பக்கம் சாயும் என்று நம் வாட்ஸப் குழுக்களில் விடிய விடிய ஆரூடம் சொல்கிறோம். தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் யாருக்கு சீட்டு என்பதும் நமக்கு அத்துப்படி. நாம் குடியிருக்கும் கவுண்டியின் ஷெரிஃப் யார் என்று கேட்டால் மட்டும் போனைத் துழாவ வேண்டியிருக்கிறது. பிள்ளை படிக்கும் பள்ளி மாவட்டத்தின் வாரியத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றால் அதுவும் தெரியாது. அமெரிக்கத் தமிழர்கள் நாம், குடியுரிமைச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம்.

எவ்வளவு பெரிய விஷயத்தை விட்டோம் என்பதை முதலில் கணக்குப் பார்ப்போம். இந்த நாட்டில் 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள். பெரும்பாலான பள்ளி வாரியங்கள் மக்கள் ஓட்டில் வருபவை. சூப்பரின்டெண்டெண்டை நியமிப்பது, பாடப்புத்தகங்களை ஏற்பது, எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவது என்று எல்லை வகுப்பது எல்லாம் வாரியத்தின் வேலை. அரசுப் பள்ளிகளுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது உள்ளூர் வருவாய். அதில் பெரும்பகுதி நாம் கட்டும் பிராபர்ட்டி டாக்ஸ். கவுண்டி அளவில் பெரும்பாலும் சிறையை நடத்துபவர் ஷெரிஃப். யார் மீது என்ன வழக்குப் போடுவது என்று முடிவு செய்பவர் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. சந்தேக மரணங்களை விசாரிக்கும் கொரோனர்கூடப் பல இடங்களில் ஓட்டு வாங்கித்தான் வருகிறார். அவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் எல்லா இடத்திலும் இல்லை. இந்தப் பதவிகள் எல்லாம் வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் வருகின்றன. முன்பக்கத்தில் தெரிந்த பெயருக்கு எதிரே வட்டத்தை நிரப்பிவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பாமலே உறையில் போட்டு ஒட்டியவர்கள் நம்மில் ஏராளம். ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும் தேர்தல்களுக்கோ உறையே பிரிபடுவதில்லை.

பள்ளியைப் பற்றி அக்கறை இல்லாதவர்கள் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது. வீடு தேடும்போது கிழக்குப் பார்த்த வாசலுக்கு முன்பே பள்ளியின் ரேட்டிங்கைப் பார்த்தோம். நல்ல பள்ளி என்றால் கூடுதல் விலை கொடுக்கவும் தயங்கவில்லை. பணத்தைக் கட்டியதும் பள்ளியையும் வீட்டோடு சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்தோம். ஆனால் அந்தப் பள்ளி தானாக நல்ல பள்ளி ஆகவில்லை. நமக்கு முன்பே அந்த ஊரில் இருந்தவர்கள் புதிய கட்டடத்துக்கான கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். இரவு பத்து மணி தாண்டியும் வாரியக் கூட்டங்களில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அவர்கள் உழைப்பின் பலன்தான் அந்த ரேட்டிங். நாம் அதை அனுபவித்தோம், நம் பங்குக்கு எதையும் போடவில்லை.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். வசந்தம் வந்தால் வீட்டு மதிப்பை உயர்த்தி நோட்டீஸ் வரும்; எப்படி எதிர்ப்பு மனு போடுவது என்று நண்பர்கள் கூடிப் பேசுவோம். அந்த மதிப்பைக் கணக்கிடும் மதிப்பீட்டு மாவட்டங்களின் இயக்குநர் குழுவில் மூன்று இடங்களை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று, 75,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுண்டிகளுக்குப் புதிய விதி வந்தது. அதன்படி முதல் தேர்தல் 2024 மே 4 அன்று நடந்தது. மனு எழுத நேரம் இருந்த நமக்கு, அந்த ஓட்டு நடந்த சேதியே தெரியவில்லை.

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் நடந்தது இதைவிடக் கசப்பானது. அங்குள்ள தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளி நம்மவர்களின் கனவு. 2020 இறுதியில் பள்ளி வாரியம் அதன் நுழைவுத் தேர்வை நீக்கிச் சேர்க்கை முறையை மாற்றியது. ஆசிய மாணவர்களின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 சதவீதமானது. பெற்றோர்கள் அமைப்பாகத் திரண்டு வழக்குத் தொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்தது. அந்த மாற்றம் சரியா தவறா என்பது தனி விவாதம். அப்போது வாரியத்தில் இருந்த 12 பேரும் 2019 நவம்பரில் ஓட்டு வாங்கி வந்தவர்கள். ஓட்டுக் கேட்டபோது அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? இன்னொன்றையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் திரண்ட நேரங்களிலும் நம் பிள்ளையின் இடத்துக்காகவே திரண்டோம். மதிய உணவுக் கடனில் தவிக்கும் பிள்ளைக்காகவோ, ஜாமீன் கட்ட வழியில்லாமல் கவுண்டிச் சிறையில் கிடப்பவனுக்காகவோ மைக் முன்னால் போய் நிற்கவில்லை.

துணிந்து நின்றவர்களுக்கும் நாம் தோள் கொடுக்கவில்லை. 2017-இல் நியூஜெர்சியின் எடிசனில் பள்ளி வாரியத்துக்கு நின்ற இந்திய, சீன வம்சாவளி வேட்பாளர்கள் இருவரின் படத்தில் நாடு கடத்தச் சொல்லும் முத்திரை குத்திய அஞ்சல் அட்டைகள் வீடு வீடாகப் போயின. அந்த அட்டையின் படத்தை ஊர் ஊராக ஃபார்வர்டு செய்து கொதித்தோம். இருவரும் வென்றார்கள். வென்ற பிறகு அவர்கள் நடத்திய கூட்டங்கள் எதையும் நாம் எட்டிப் பார்க்கவில்லை.

யாரும் பார்க்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் பெல் நகரம் சாட்சி. அப்போது 35,000 பேருக்கு மேல் வாழ்ந்த அந்த ஏழை ஊரில் 2005-இல் நடந்த ஒரு சிறப்புத் தேர்தலில் 400 பேர்கூட ஓட்டுப் போடவில்லை. கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த வரம்பை அந்தத் தேர்தல் தளர்த்திவிட்டது. நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்குவதை 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளியிட்ட பிறகே ஊர் விழித்தது. அவர் சிறைக்குப் போனார். விழித்தால் நிலைமை மாறும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பென்சில்வேனியாவின் டோவரில், பரிணாமக் கொள்கைக்கு மாற்றாக ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்பதை உயிரியல் வகுப்பில் நுழைத்த வாரியத்தின் எட்டு உறுப்பினர்களை 2005 நவம்பரில் மக்கள் ஒரே நாளில் தோற்கடித்தார்கள்.

எச்-1பியில் இருக்கிறோம், கிரீன் கார்டு வரிசை நகரவில்லை, எங்களுக்கு ஏது ஓட்டு என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாரியக் கூட்டத்தில் உட்காரவும் பேசவும் யாரும் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று 2016-இலேயே வாக்காளர்கள் முடிவு செய்துவிட்டார்கள். குடியுரிமை பெற்றுப் பத்து, இருபது ஆண்டுகள் ஆனவர்களுக்கோ இந்தச் சாக்கும் கிடையாது.

நாம் ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் நம் பழக்கத்தில் இருக்கிறது. தலைவர், சின்னம், மேடை, கட்அவுட் இல்லாத தேர்தல் நமக்குத் தேர்தலாகவே படுவதில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊராட்சிகள் 2016 அக்டோபரிலிருந்து 2019 இறுதிவரை தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் தனி அலுவலர்களிடம் கிடந்தன. நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. அங்கேயும் நாம் கவலைப்பட்டதில்லை. பள்ளி வாரியத் தேர்தலிலோ பல மாநிலங்களில் கட்சிப் பெயர்கூட இல்லை. வேட்பாளரை நாமே தேடிப் படிக்க வேண்டும். அந்த அலுப்புக்குத்தான் நேரமில்லை என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

கமலா ஹாரிஸ் துணை அதிபரானபோது அவருடைய தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்ததை நாம் பெருமையோடு பகிர்ந்தோம். அவர் முதன்முதலில் ஜெயித்த பதவி சான் ஃபிரான்சிஸ்கோவின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி. அங்கே நகரமும் கவுண்டியும் ஒன்றே. 2003 டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில், அப்போது பதவியில் இருந்தவரைத் தோற்கடித்து அவர் வந்தார். அது நாம் நிரப்பாமல் விடும் பின்பக்கத்தில் வருகிற பதவி.

நம் ஊர்களில் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. வார இறுதியில் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. பொங்கலுக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கவும், பாடகரைச் சென்னையிலிருந்து வரவழைக்கவும், பார்க்கிங்குக்குத் தன்னார்வலரை நிறுத்தவும் நமக்குத் தெரியும். பள்ளி வாரிய வேட்பாளர்கள் நான்கு பேரை அதே அரங்குக்கு அழைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்பதற்கு இதில் பத்தில் ஒரு பங்கு வேலைகூட ஆகாது. முடியாமல் விட்டதல்ல இது. தேவை என்று நினைக்காமல் விட்டது.