கடல் எங்களது, தூது யாருடையது?

தூது என்பது தமிழனுக்குப் புதிய சொல் அல்ல. வள்ளுவர் அதற்கென 69-ஆவது அதிகாரத்தையே ஒதுக்கினார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் அவ்வை. படை நடக்க வேண்டிய பாதையில் ஒரு பெண்பாற் புலவர் நடந்தார்! தூதின் பெருமை அது.

திரேஸ்புரத்துத் தோழனுக்கும் தூது புதிதல்ல. 1530-களில் முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசல் முற்றியபோது, இந்தக் கடற்கரையின் பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரிடம் பேசினார்கள். உதவி வந்தது, அதற்கு விலையும் வந்தது. கடற்கரை கத்தோலிக்கம் தழுவியது. காவலுக்கு வந்தவன் வரியும் வாங்கினான். அந்தத் தூது நன்மையா தீமையா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் ஒன்றை மறுப்பாருண்டோ? பேசப் போனவர்கள் கடலை அறிந்தவர்கள். தங்கள் வாயால் தங்கள் குறையைச் சொன்னவர்கள்.

அதற்குப் பின்? 1658-இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. பிறகு ஆங்கிலேயர் பிடித்தனர்; 1818-இல் திருப்பிக் கொடுத்தனர். 1824-இல் இலண்டனில் ஓர் உடன்படிக்கை. அதன்படி 1825-இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. சந்தையில் மாடு கைமாறுவதுபோல ஊர் கைமாறிற்று! வலை உலர்த்தியவனை யார் கேட்டார்கள்? சங்கு குளித்தவனை யார் அழைத்தார்கள்?

அது அன்னியன் ஆட்சி என்று ஆறுதல் கொள்ளலாம். நம் ஆட்சி வந்த பின் நடந்தது என்ன?

கச்சத்தீவு என்றால் 1974 என்று கட்சித் தோழர் ஒவ்வொருவரும் சொல்வர். ஆனால் திரேஸ்புரத்துக்காரன் மறக்கக்கூடாத ஆண்டு 1976. அவ்வாண்டு மார்ச் 23-இல்தான் மன்னார் வளைகுடாவில் இந்தியாவும் இலங்கையும் எல்லைக் கோடு வகுத்தன. அந்த நாளை நெஞ்சில் நிறுத்துங்கள்! அதற்கு ஏழு வாரத்துக்கு முன், ஜனவரி 31-இல், தமிழக ஆட்சி கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலை; குடியரசுத் தலைவர் ஆட்சி. நம் கடலில் கோடு கிழித்த நாளில், அதைப் பற்றிப் பேசச் சென்னையில் சட்டமன்றமே இல்லை!

சட்டமன்றம் இருந்திருந்தால் மட்டும் என்ன? அரசியல் சட்டத்தைப் புரட்டுங்கள். மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆவது இனம். கரைக்கடலைத் தாண்டினால் அது மத்தியப் பட்டியலின் 57-ஆவது இனம். அன்னிய நாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்ற எந்தச் சட்டமும் இயற்றலாம் என்று 253-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மாநிலத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்று ஒரு வரி உண்டா? இல்லை. கேட்பது டில்லியின் பெருந்தன்மை. கேளாமை டில்லியின் உரிமை!

ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே அரசுகள் பல. ஒன்றன் தலைநகரில் மற்றொன்றின் தூதர் இருப்பது நெடுநாளைய வழக்கம். 1663 முதல் 1806 வரை ரேகன்ஸ்பர்க் நகரில் ஓயாமல் கூடியிருந்த பேரவையே தூதர்களின் பேரவைதான். பிராங்க்பர்ட் மன்றத்தில் பிரஷ்யாவின் தூதராக 1851 முதல் 1859 வரை அமர்ந்திருந்தவர் யார் தெரியுமா? பின்னாளில் ஜெர்மனியை ஒன்றாக்கிய பிஸ்மார்க்! 1871-இல் பேரரசு அமைந்த பின்னும் பவேரியாவின் தூதர் பெர்லினில் இருந்தார். மாநிலங்களின் இறைமையை அடியோடு பறித்தவன் இட்லர், ஆண்டு 1934. சர்வாதிகாரிக்கு முதல் எதிரி மாநிலத்தின் குரல் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அந்த அழிவிலிருந்து எழுந்த ஜெர்மனி 1949-இல் புதிய சட்டம் வகுத்தது. அதன் 32-ஆவது பிரிவு சொல்வது இது: ஒரு மாநிலத்தின் தனி நிலைமையைத் தொடும் ஒப்பந்தமானால், கையெழுத்திடும் முன்பே, உரிய காலத்தில், அந்த மாநிலத்தைக் கலந்தாக வேண்டும். இதனால் அந்த நாடு உடைந்ததா? சிதறியதா? ஐரோப்பாவின் முன்னணி நாடாக அல்லவா நிற்கிறது!

இங்கும் ஒரு காட்சி கண்டோம். 2011-இல் தீஸ்தா ஆற்று நீர் குறித்து வங்கதேசத்தோடு ஒப்பந்தம் ஆயத்தமாயிற்று. மேற்கு வங்க முதல்வர் மறுத்தார், கையெழுத்து நின்றது. மகிழ்ச்சிதான். ஆனால் அதை நிறுத்தியது சட்டமல்ல. அன்றைய கூட்டணிக் கணக்கு. கணக்கு மாறினால் குரலும் மங்கும். உரிமை என்பது எண்ணிக்கையின் தயவில் வாழலாமா?

கலந்து பேசும் உரிமை கேட்பவனுக்குக் கடமையும் உண்டு. எதிர்க்கரையில் இருப்பவனும் தமிழ் மீனவன். நம் கரையின் இழுவைப்படகு அவன் வலையைக் கிழித்தால், அதற்கும் நாம் விடை சொல்லியாக வேண்டும். 1976-இல் அவனையும் யாரும் கேட்கவில்லை. இருவரும் நேருக்கு நேர் அமர்ந்தால், வேலை நாட்களையும் வலையின் வகையையும் பேசித் தீர்க்க அவர்களுக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது.

எனவே நம் கோரிக்கை இரண்டே. ஒன்று, மாநிலத்தின் நிலத்தையோ நீரையோ பிழைப்பையோ தொடும் ஒப்பந்தத்துக்கு முன் அந்த மாநிலத்தைக் கலந்தாக வேண்டும் என்று அரசியல் சட்டம் திருத்தப்படட்டும். இரண்டு, மீன்பிடிப்பு பற்றிப் பேச இரு நாடுகளும் கூடும்போது, நாட்டுப்படகுக்காரனுக்கும் அங்கே நாற்காலி போடப்படட்டும்.

பிரிவினை பேசுகிறான் என்பார்கள். அஞ்ச வேண்டாம். வீட்டில் பங்கு கேட்பவன் வீட்டை இடிப்பவன் அல்லன். கடலுக்குப் போகிறவன் உயிரைப் பணயம் வைக்கிறான். அவன் கடலைப் பற்றிய பேச்சில் அவனுக்கு ஒரு வாய்ச்சொல்லாவது வேண்டாமா?