கண் கட்டியும் தீபாவளி லீவும்

வெளிமாநிலத்தில் குப்பை கொட்டும் நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பல் வலியோ மூட்டு வலியோ கண்ணில் கட்டியோ, எதுவானாலும் "தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப பார்த்துக்கலாம்". மதுரைப் பக்கம் என்றால் அரவிந்த், சென்னை என்றால் சங்கர நேத்ராலயா. 1976லும் 1978லும் ஆரம்பித்து இவ்வளவு பேர் வாங்கிய ஆஸ்பத்திரிகள், நம்பிக்கை வருவது நியாயம்தான். ஆனால் இமையில் வரும் ஒரு சின்னக் கட்டிக்காக ஆறு மாதம் காத்திருப்பது வீண் வேலை என்பது என் கட்சி.

எந்தக் கட்டியைச் சொல்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இமை ஓரத்தில் சிவந்து, தொட்டாலே உயிர் போகிற மாதிரி வலிப்பது ஒரு வகை. அது கிருமியால் வருவது. இங்கே புனேயில் "ராஞ்சண்வாடி" என்பார்கள், இந்திக்காரர்கள் "குஹேரி" என்பார்கள், அம்மா போனில் நாமக்கட்டி இழைத்துப் போடச் சொல்வார். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் உடைந்து ஆறிவிடும். நான் சொல்வது மற்றது. வலி இருக்காது. இமைக்குள்ளே மிளகு அளவிலோ பட்டாணி அளவிலோ உருண்டையாக உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் நகராது. டாக்டர்கள் கலேசியான் என்பார்கள். கிரேக்க மொழியில் குட்டி ஆலங்கட்டி என்று அர்த்தம். பேர் வைத்தவர் தொட்டுப் பார்த்துத்தான் வைத்திருப்பார் :-)

நம் இமைகளுக்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. மேலிமையில் முப்பது சொச்சம், கீழே கொஞ்சம் குறைவு. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காப்பது அந்த எண்ணெய்தான். ஒரு சுரப்பியின் வாய் அடைத்துக்கொண்டால் எண்ணெய் உள்ளேயே கசிகிறது. உடம்பு அதை வேற்று ஆள் என்று நினைத்துச் சுற்றி வளைத்துக் கட்டி எழுப்புகிறது. கிருமிக்கு இதில் வேலையே இல்லை. அப்புறம் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து என்ன செய்துவிடும்? மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் எடுத்துத் தரும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். அதை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருந்தால் கண் அழுத்தம் ஏறலாம், அது ஏறுவது வெளியே தெரியாது. கட்டியை விட இந்த மருந்துதான் எனக்குப் பயம்.

முதல் வைத்தியம் வெந்நீர் ஒத்தடம். போகிற போக்கில் ஒரு தடவை அல்ல. தினம் மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம், இமை பொறுக்கிற சூட்டில். பிறகு முடி இருக்கும் ஓரத்தை நோக்கி விரலால் மெதுவாக நீவி விட வேண்டும். 2007ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் ஒத்தடத்தில் முழுதாகக் கரைந்தது 46 சதவீதம் பேருக்கு, ஸ்டீராய்டு ஊசியில் 84, கீறி எடுத்ததில் 87. ஆக, ஒரு மாதம் ஒழுங்காக ஒத்தடம் கொடுத்தும் அசையவில்லை என்றால் அதற்கு மேல் காத்திருந்து பெரிய லாபமில்லை. ஊசியும் நல்ல வழிதான். ஆனால் நம் மாதிரி மாநிறத்துக்கு, கறுப்பு நிறத்துக்கு ஊசி போட்ட இடம் வெளுத்துப்போக வாய்ப்புண்டு, கேட்டுக்கொண்டு போடுங்கள்.

நான் ஒரு மாத ஒத்தடத்துக்குப் பிறகு இங்கேயே எடுத்துக்கொண்டேன். "கண்ணுல கத்தியா!" என்று ஊரில் பதறினார்கள். கண்ணில் இல்லை, இமையில். சொட்டு மருந்து விட்டு, இமையில் மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். வலி என்றால் அந்த ஊசி ஒன்றுதான், சுருக்கென்று இருக்கும். பிறகு சின்ன இடுக்கியால் இமையைத் திருப்பி, உள்பக்கமாகக் கீறி, குட்டிக் கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தையல் கிடையாது. உள்பக்கம் கீறுவதால் வெளியே தழும்பும் தெரியாது. சில மணி நேரம் கட்டு, ஒரு வாரம் களிம்பு, நாலைந்து நாள் கன்றிப்போன இமை. ஆபீஸில் "வீட்டுல சண்டையா?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

குழந்தைகள் விஷயம் வேறு. அசையாமல் படுக்க மாட்டார்கள் என்பதால் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும், அதனால் ஒத்தடத்தை இன்னும் கொஞ்ச நாள் நீட்டிப் பார்ப்பது சரி. ஆனால் பெரிய கட்டி மேலிமையில் இருந்து கருவிழியை அழுத்தினால் பார்வை கோணலாகும். பவர் செக் பண்ணாமல் தள்ளிப் போடக் கூடாது.

நமக்கு இப்படி. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு? போனில் "கட்டி எடுத்தேன்டா, திரும்ப வந்திடுச்சு" என்பார்கள், நாமும் மீட்டிங் நடுவில் "சின்னக் கட்டிதானேப்பா" என்போம். இதே எண்ணெய்ச் சுரப்பியில் ஒரு புற்றுநோயும் வரும். பார்க்கக் கலேசியான் மாதிரியே இருக்கும். அபூர்வம்தான், ஆனால் இமைப் புற்றுகளில் இதன் பங்கு மேல்நாடுகளை விட இந்தியாவில் அதிகம். வயதானவர்களுக்கு, எடுத்த அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்தால், அந்த இடத்தில் இமை முடி உதிர்ந்தால், சுரண்டி எடுத்ததைக் குப்பையில் போட விடாதீர்கள். பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், டாக்டரிடம் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று நினைக்கிற தலைமுறை. டாக்டர் அறையில் இருக்கும்போதே போனை வாங்கச் சொல்லி நீங்கள் பேசுங்கள். அடுத்த முறை வீடியோவில் வரும்போது கண்ணாடியைக் கழற்றச் சொல்லி இமையைப் பாருங்கள்.